இரண்டே முக்கால் கிலோ

“உஷ்! அவ லேப்டாப் திறந்திருக்கு. கொஞ்சம் பொறுங்க.”

கணவர் உதட்டில் விரலை வைத்துச் சொன்னதும் விற்பனையாளர் திருதிருவென்று விழித்தார். “சார், இந்தக் கடையில நாப்பது லேப்டாப் திறந்திருக்கே!”

பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? பாடநூல் பதிப்பகம் ஒன்றுக்குப் பிழைதிருத்தித் தருபவள் அவள். அவளுடைய லேப்டாப்பின் மூடி திறந்திருக்கும்வரை அவளிடம் யாரும் பேசக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். அதை யாரும் இயற்றவில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. ஆனாலும் லிஃப்ட் மெக்கானிக்கான கணவரும் பதினோராம் வகுப்பு படிக்கும் மகளும் ஒருநாள்கூட அதை மீறியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே உப்பைச் சைகையில் கேட்கப் பழகியிருந்தார்கள்.

“முடிஞ்சுது. எட்டாம் வகுப்பு அறிவியல், நாலாவது பாடம்,” என்று நிமிர்ந்தவள், கீல் உடைந்து ரப்பர் பேண்டின் தயவில் நிற்கும் அந்தப் பழைய லேப்டாப்பை மூடினாள். அதற்கு ஓய்வு கொடுக்கத்தான் மூவரும் வந்திருந்தார்கள்.

“எனக்கு இது போதுங்க. ஒரு கிலோகூட இல்ல, பூ மாதிரி இருக்கு,” என்று வெள்ளி நிறத்தில் மெலிந்திருந்த ஒன்றை ஒரே கையால் தூக்கிக் காட்டினாள்.

“பூவை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? இங்க வந்து பாரு!” மகள் காட்டிய கறுப்பு லேப்டாப்பின் விசைகள் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தன. “கேமிங் லேப்டாப். கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கு.”

“காற்புள்ளி, முற்றுப்புள்ளி பாக்கறவளுக்குக் கிராபிக்ஸ் கார்டு எதுக்குடி?”

“முற்றுப்புள்ளி இன்னும் பளிச்சுன்னு தெரியும்ல!”

“இவ சொல்றது சரிதான்,” என்றார் கணவர். “சாமான்னா கனம் இருக்கணும். அப்பதான் உழைக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. டி.வி. ரிமோட்டுக்காகத் தினமும் முட்டிக்கொள்ளும் அப்பாவும் மகளும் ஒரே கட்சியில் நிற்கிறார்கள் என்றால், வீட்டிலேயே ஏதோ பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.

விற்பனையாளர் மனசாட்சியுள்ளவர். “மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். இது ரெண்டே முக்கால் கிலோ. சார்ஜர் வேற செங்கல் மாதிரி இருக்கும்.”

“செங்கல் மாதிரியா? சூப்பர்!” என்றாள் மகள்.

“பேட்டரி ஒண்ணேகால் மணி நேரம் நின்னாலே பெரிசு.”

“அதைவிடக் கம்மியா நிக்கறது ஏதாவது இருக்குங்களா?” என்றார் கணவர் ஆவலாக.

இத்தனை வருட அனுபவத்தில் அப்படியொரு கேள்வியை விற்பனையாளர் சந்தித்ததில்லை. அவள் மகளின் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, நேராவே கேக்கறேன். இதுல என்ன கேம் ஆடப்போற?”

“அது வந்து... காரெல்லாம் ஓட்டுவாங்களே, அது.”

“பேரு?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

“கார் கேம்,” என்றாள் மகள், ஈனஸ்வரத்தில்.

மறைக்கிறாள் என்பது தெரிந்தது. ஆனால் கோபம் வரவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட, “நான் போகலன்னாலும் பரவால்லம்மா,” என்று முந்திக்கொண்டு சொன்ன பெண் இவள். வாய்திறந்து எதையும் கேட்டறியாதவள், குறைகளெல்லாம் நிறைகளாகத் தோன்றும் அளவுக்கு ஒன்றின்மேல் ஆசைப்பட்டுவிட்டாள். தூக்கினால் கை வலிக்குமே என்பதற்காக அந்த ஆசையைத் தட்டிக்கழிப்பதா?

வெள்ளி நிற லேப்டாப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“சரி, உன் இஷ்டப்படி அந்தக் குண்டனையே எடுத்துக்கலாம். என் வேலை முடிஞ்சதும் நீ விளையாடிக்கோ.”

அப்பாவும் மகளும் கண்ணாலேயே கைகுலுக்கிக்கொண்டார்கள்.

“ஏங்க, பெரிய தோள்பை இருக்கா?” என்று அவள் விற்பனையாளரிடம் கேட்டாள். “நீளமான எக்ஸ்டென்ஷன் வயரும் ஒண்ணு குடுங்க. கனமா இருந்தா என்ன, சாப்பாட்டு மேசை, படுக்கை, கல்யாண வீடுன்னு எங்க போனாலும் தூக்கிட்டுப் போயிடுவேன். பொண்ணுக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?”

காற்றுப்போன பந்துபோல இருவர் முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. ஏனென்று அவள் கேட்பதற்குள் கைப்பேசி ஒலித்தது. பதிப்பகத்திலிருந்து. “அஞ்சாவது பாடமா? இப்பவா? சரி சார், அனுப்புங்க,” என்றவள் ரப்பர் பேண்டை விலக்கி, பழைய லேப்டாப்பை மறுபடி திறந்தாள்.

கணவர் வாயை மூடிக்கொண்டார். இப்போது விற்பனையாளரும் பாடம் படித்தவராய்ப் பேசாமல் நின்றார்.

“அம்மா.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. அந்தச் சொல்லை, மூடி திறந்திருக்கும்போது, அவள் கேட்டதே இல்லை. கணவர் பதறிப்போய் மகளின் தோளைத் தொட்டார். மகள் விலகி, லேப்டாப்புக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“எனக்கு ஒரு கேமும் ஆடத் தெரியாதும்மா. தூக்கவே முடியாத லேப்டாப்பா வாங்கிக் குடுத்தா அதை அறையிலேயே விட்டுட்டு, சாப்பிடற நேரத்துக்காவது நீ மட்டும் எங்ககிட்ட வருவேன்னுதான் நானும் அப்பாவும் ஒரு வாரமா தேடித்தேடி இந்தக் குண்டனைக் கண்டுபிடிச்சோம்.”