எண்பத்திரண்டா, எண்பத்தெட்டா?

கடை மேசைமேல் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் கிடந்தன. எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் தண்ணீருக்கு வழிவிடுகிற உள்ளங்கையளவு சாமான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று எண்பத்தெட்டு டிகிரியில் திறக்கும், மற்றது எண்பத்திரண்டில்.

"பழைய பெட்ரோல் ஜீப்பு, மேட்டுல ஏறினா கொதிக்குது. எதைப் போடலாம்?" என்றார் தையல்காரர்.

உதிரிபாகக் கடைக்காரரிடம் இதற்கு நேரான பதில் இருக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இரண்டுமே வேண்டாம், உள்ளே இருப்பதையும் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுங்கள் என்றார். தையல்காரர் அசையவில்லை. அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்காத மனுஷன். கடைசியில் அவர் எதிர்பார்த்தபடியே, வண்டிப் பட்டறைத் தங்கச்சியைக் கேட்டுவிடலாம் என்று கடைக்காரர் போனை எடுத்தார்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. தையல்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தன் குரல் அந்தப் பக்கம் போனால் காரியம் கெட்டது. போன மாதம் ஃபேன் பெல்ட் வாங்க வந்தபோதும் இதே கைக்குட்டைதான், இதே தொண்டைக்கட்டு நாடகம்தான்.

"சொல்லுங்கண்ணே," என்றது ஒரு பெண்குரல். பின்னால் சுத்தியல் சத்தம்.

அவள் உடனே பதில் சொல்லிவிடவில்லை. மேட்டில் மட்டும் கொதிக்கிறதா, நின்றாலும் கொதிக்கிறதா? ரேடியேட்டர் கழுவி எத்தனை நாள்? தையல்காரர் கடைக்காரரின் காதைக் கடிக்க, அவர் அதை உரக்கச் சொன்னார். பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தவரைப்போல எல்லாவற்றுக்கும் தையல்காரர் பதில் தயாராக வைத்திருந்தார்.

பிறகு தீர்ப்பு வந்தது. கழற்றி எறிவது கூடவே கூடாது, சரியாகச் சூடேறாத எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும். பாரத்தோடு மேடேறும் பழைய வண்டிக்கு எண்பத்திரண்டு போடலாம், தண்ணீர் கொஞ்சம் முன்னாலேயே ஓட ஆரம்பிக்கும். ஆனால் ரேடியேட்டர் அடைத்திருந்தால் எண்பத்திரண்டும் ஒன்றுதான், எண்பத்தெட்டும் ஒன்றுதான். முதலில் அதைக் கழுவச் சொல்லுங்கள்.

கிரீஸ் டப்பாவுக்காகக் காத்து நின்ற லாரி டிரைவர், அந்தப் பொண்ணு சொன்னா சொன்னதுதான் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைக் கேட்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நெஞ்சு நிமிர்ந்த வேகத்தில் சட்டைப் பொத்தான் தெறித்திருக்கும். அவரே தைத்தது என்பதால் தாங்கியது.

"போன மாசம் ஃபேன் பெல்ட் வாங்கினவர்தானே அவரு?" என்றது ஸ்பீக்கர்.

ஆமாம் என்றார் கடைக்காரர்.

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னாள்.

கடைக்காரர் போனைக் காதில் வைத்து 'ம்' கொட்டினார். கொட்டிக்கொண்டே தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார். மாதம் ஒருமுறை கிடைத்த இந்தக் குரலும் இனி இல்லை என்று தையல்காரர் நினைத்தார்.

போன் கீழே வந்தது.

"அந்த பெல்ட்டு டீசல் வண்டிக்காம், இது பெட்ரோல் வண்டிக்காம். ரெண்டும் சேர்ந்த ஜீப்பு உலகத்துலயே கிடையாதாம். வண்டி வேணாம், ஆளை மட்டும் பட்டறைக்கு அனுப்புங்கன்னு சொல்லுது."

குட்டு வெளிப்பட்டால் கூனிக்குறுகத்தான் வேண்டும். இவருக்கோ பெருமை பிடிபடவில்லை. இரண்டையும் கையால் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் கண்ணில் படாததை, முகம்கூடப் பார்க்காமல் பிடித்துவிட்டாளே!

"பின்னே? எம் பொண்ணாச்சே!"

ஆறு வருஷத்துக்கு முன்னால், எண்ணெய்க் கையோடு என் வாசற்படி ஏறாதே என்று சொன்ன அதே வாய்தான்.

"அப்போ ஜீப்பு...?" என்று இழுத்தார் கடைக்காரர். ஜீப்பாவது கீப்பாவது என்று தையல்காரர் படியிறங்கினார்.

பட்டறைக்கு வழி கேட்கவில்லை. வந்தபோதெல்லாம் எதிர்ச்சாரியில் நடந்து நடந்து அந்தத் தெரு அவருக்கு மனப்பாடம். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

இன்றைக்குத் தெருவைக் கடந்தார்.