பத்து மணிப் பொம்மை

“இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்களோட பேசிக்கிட்டிருக்கேன் கர்ட். எனக்குப் பேசக் கத்துக்கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் பொம்மை வருதாம்.”

அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகர உயர்நிலைப் பள்ளியின் மாணவர் ஆலோசகர் லோரீன், காப்பியைக் கலக்கியபடி சொன்னாள். விளையாட்டு ஆசிரியர் கர்ட், வேடிக்கை பார்ப்பதற்கென்றே டோனட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

வேறு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று ஆலோசகர்களைப் பழக்கும் பயிற்சி. பத்து மணிக்குக் கணினித் திரையில் மாணவி போல ஒரு பொம்மை வந்து பேசும்; முடிவில் ஆலோசகருக்கு மதிப்பெண் போடும்.

“அசல் பொண்ணு மாதிரியே இருக்குமாமே?” என்றான் கர்ட்.

“ஆமா. பக்கத்து ஸ்கூல் ஹெய்டி, ‘உன் வேதனை புரியுது’ன்னு அதுகிட்ட கண்கலங்கினாளாம். மெஷினுக்கு ஏதுப்பா வேதனை?”

மணி பத்து. திரையில், முக்காடு அணிந்த ஒரு பெண் தெரிந்தாள்.

“வணக்கம் மேடம். நான் இஃப்ரா.”

“முக்காடெல்லாம் போட்டு விட்டிருக்காங்க,” என்றாள் லோரீன். “சோமாலியாவா? அப்பா டாக்ஸி ஓட்டுவாரே?”

“இல்ல மேடம். கணக்கு வாத்தியார்.”

“எதிர்த்துப் பேசவும் சொல்லிக் கொடுத்திருக்காங்க பாரு.”

“பக்கத்துல யாரு மேடம்?”

“உன்னையும் கண்டுபிடிச்சிருச்சு கர்ட்.”

கர்ட் டோனட்டை ஆட்டிக் காட்டினான்.

பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, “அம்மாவைப் பத்திச் சொல்லணும்,” என்றாள்.

“தெரியும். படிச்சது போதும், கல்யாணம் பண்ணிக்கோன்னு நிக்கிறாங்க. உங்க பக்கம் அப்படித்தானே?”

பெண்ணின் உதடு துடித்தது. கண்ணீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

“ஆனா ஒண்ணு, கண்ணீரை மட்டும் நல்லா செஞ்சிருக்காங்க,” என்றான் கர்ட்.

“எல்லாம் நம்ம வரிப்பணம்.”

“நான் போறேன் மேடம்.”

திரை அணைந்தது.

“தொலைஞ்சுது. நூத்துக்கு எத்தனை மார்க் போடுதுன்னு பாப்போம்,” என்று லோரீன் காப்பியை எடுத்தாள்.

மேசைத் தொலைபேசி ஒலித்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து மார்லா.

“லோரீன், காலையில நான் அனுப்பின மெயிலைப் பாத்திருப்பீங்க. பொம்மைப் பயிற்சி நாளைக்குத் தள்ளிப் போயிருச்சு. அந்த நேரத்தை ஒன்பதாம் வகுப்பு இஃப்ராவுக்குக் கொடுத்திருக்கேன். அம்மா தவறி மூணு வாரமாச்சு, அன்னையிலேர்ந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. உங்ககிட்ட மட்டும் வீடியோவுல பேசறேன்னு இன்னைக்குத்தான் சம்மதிச்சா. வந்தாளா?”