உலர்ந்த தோல்

ஓட்டமாவடியில் பஸ் நின்று பத்து நிமிடமாயிற்று. கண்டக்டர் இறங்கித் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று கதையளந்துகொண்டிருந்தான்.

அகீலா ஜன்னலால் தலையை நீட்டினாள். “அண்ணா, கொஞ்சம் கெதியா எடுங்களன்.”

“என்ன தங்கச்சி, பொண்ணு பாக்க வாறாங்களா?” என்றான் அவன். பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. நேரம் ஐந்து பத்து. பனிச்சங்கேணியில் அவளுடைய அப்பா ஜெயராஜா ஆறு மணிக்கு வயலைச் சுற்றியிருக்கும் கம்பியில் கரண்டைப் பூட்டுவார். பூட்டியதும், வேலை செய்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார்.

தொடலாம் என்று சொன்னவள் அவள்தான்.

அப்பாவை மறுபடியும் அழைத்தாள். மணி போய்ப் போய் நின்றது. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வயலுக்குப் போகிற மனிதர். அடுத்த வீட்டுப் புஸ்பம் மாமியின் போன் அணைந்து கிடந்தது. அம்மா குவைத்தில்.

இரண்டு கிழமைக்கு முன், காட்டுப் பன்றிகள் ஒரே இரவில் வயலில் பாதியைக் கிளறிப் போட்ட பிறகுதான் இந்த யோசனை வந்தது. வீட்டு லைனிலிருந்து ஒரு வயர், நடுவில் ஒரு பல்ப், அதற்கப்பால் வயலைச் சுற்றி வெறுங்கம்பி. பல்ப் கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பன்றி வெருண்டு ஓடும், உயிர்ச்சேதம் வராது என்று அந்த வட்டையில் வயல் செய்கிற எல்லாரும் நம்பினார்கள்.

ஜெயராஜா மட்டும் நம்புவதற்கு முன் மகளிடம் கேட்டார்.

“மனிசர் பட்டா என்ன ஆகும் மனே? நீ கணக்குப் பாத்துச் சொல்லு.”

அவள் வந்தாறுமூலை கம்பஸில் பௌதிகவியல் முதலாம் வருடம். அப்பா கேட்டதும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. கொப்பியை விரித்தாள்.

பல்பின் வலு அறுபது வாற்ஸ். அதை இருநூற்று முப்பது வோல்ற்றால் பிரித்தால் ஓடும் கரண்ட் கால் அம்பியர். இருநூற்று முப்பதை அந்தக் கால் அம்பியரால் பிரித்தால் பல்பின் தடை ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஓம். மனித உடலின் தடை, புத்தக அட்டவணையில் இருந்தபடி, ஒரு இலட்சம் ஓம். இரண்டையும் கூட்டி மறுபடி பிரித்தாள். இரண்டு மில்லி அம்பியர்.

“சின்னதா விறைக்கும் அப்பா. அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவர் தொட்டார். சின்னதாகத்தான் விறைத்தது. எண்ட மகள்ட கணக்குப் பிசகாது கா என்று வரம்பில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். வயல் காய்ந்து கிடந்த நாட்கள் அவை.

இன்று பிற்பகல் ஆய்வுகூடத்தில் அவரவர் உடலின் தடையை அளந்தார்கள். ஆறு வோல்ற்று பற்றரியின் இரண்டு முனைகளிலிருந்தும் வந்த உலோகக் கோல்களை இரு கையாலும் பிடிக்க வேண்டும். அகீலா பிடித்தபோது மீற்றர் முள் மயிரிழைதான் அசைந்தது. பிரித்துப் பார்த்தாள். ஒரு இலட்சம் ஓம். புத்தகம் சொன்னதேதான்.

பிறகு அவள் சினேகிதி றெபேக்கா கை கழுவிவிட்டு, துடைக்காமலே வந்து பிடித்தாள். கரண்ட் நூறு மடங்கு ஏறியது. ஆறு மில்லி அம்பியர். ஆறு வோல்ற்றை அதனால் பிரித்தால் வெறும் ஆயிரம் ஓம்.

அகீலா புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒரு இலட்சத்துக்கு மேலே ‘உலர்ந்த தோல்’ என்று அச்சிட்டிருந்தது. அன்றைக்கும் அதை வாசித்திருந்தாள். எண் இல்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆயிரமும் தொள்ளாயிரமும் சேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம். இருநூற்று முப்பதை அதனால் பிரித்தாள். நூற்றிருபது மில்லி அம்பியர். ஒரு நெஞ்சை நிறுத்த அதில் பாதி போதும்.

காலையில் அப்பா போனில் சந்தோஷமாகச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வாய்க்காலில் தண்ணீர் திறந்தாயிற்று, இன்றைக்கு நமது முறை, பின்னேரத்துக்குள் கணுக்கால் அளவு கட்டிவிடலாம்.

பஸ் ஒருவழியாக நகர்ந்தது. முன்னால் நின்றால் முன்னதாகப் போய்விடலாம் என்பதுபோல, அகீலா எழுந்து டிரைவருக்குப் பின்னால் போய் நின்றாள். ஐந்து ஐம்பதுக்குப் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இறங்கலாம். அங்கிருந்து ஓடினால் ஏழு நிமிடம். மூன்று நிமிடம் மிச்சம்.

மறுபடி அப்பாவின் போனுக்கு அழைத்தாள். இந்தமுறை யாரோ எடுத்தார்கள்.

“அப்பா! கம்பியைத் தொடாதீங்க அப்பா!”

அப்பா இல்லை. புஸ்பம் மாமி. அவளுக்குப் பின்னால் நிறைய ஆட்களின் குரல்கள். அப்பா தனியாக இருக்கிற வீடு அது.

“மாமி, அப்பாட்ட ஓடிப் போய்ச் சொல்லுங்க. ஆறு மணிக்கு அவர் கம்பியை...”

மாமி பின்னால் நின்றவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

“பதறாத மனே,” என்றாள் பிறகு. “தண்ணி கட்டி முடிஞ்செண்டு அவர் இண்டைக்கு வெள்ளனவே கம்பியப் பூட்டிட்டார். இனி ஒண்டும் அவசரமில்ல. மெதுவா வா.”

நேரம் ஐந்து இருபத்தாறு. பஸ் இப்போதுதான் வேகமெடுத்திருந்தது. அகீலா டிரைவருக்குப் பின்னாலிருந்து விலகி, காலியாக இருந்த ஒரு சீற்றில் போய் உட்கார்ந்தாள்.