இருபத்தோராம் நாள் ஒயின்

நானூற்று ஐம்பத்தாறு மணி நேரமாக அடர்த்திமானி ஒரே கோட்டில் நின்றது.

பத்தொன்பது நாள்.

தினமும் காலை ஆறரைக்கு அவள் ஒயினுக்குத் திராட்சை ஊறப்போட்ட பீங்கான் ஜாடியின் துணியை அவிழ்ப்பாள். மரக்கரண்டியால் கிளறுவாள். ஒரு குவளை சாறெடுத்து அந்தக் கண்ணாடிக் குழலை மிதக்கவிடுவாள். சர்க்கரை சாராயமாக மாறினால் குழல் கீழே இறங்க வேண்டும்.

இறங்கவில்லை.

நோட்டில் ஒரே எண். பத்தொன்பது முறை.

காரணம் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. குப்பைக்கூடையில் இரண்டு காலி பாட்டில்கள் கிடந்தன. நிறம் போதவில்லை என்று அவள் கணவன் எபனேசர், கடையில் வாங்கிய திராட்சை ஸ்குவாஷை ஜாடிக்குள் கவிழ்த்திருந்தான். ஸ்குவாஷ் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்திருந்த மருந்து, அவள் போட்ட ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டது.

அவள் நுண்ணுயிரியல் படித்தவள். செத்த ஜாடியைத் தினமும் கிளறுவது எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும்.

கிளறினாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் எபனேசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஒரு வாரம் பேசமாட்டான். அதுவரை சம்மதித்ததெல்லாம் அந்த ஒரு வாரத்தில் இல்லையென்று ஆகிவிடும்.

ஜனவரி இரண்டாம் தேதி திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் அவள் சேர வேண்டும். மூன்று வருட ஆராய்ச்சி. எபனேசர் சரி என்று சொல்லியிருந்தான், அவளிடம் மட்டும். இன்றைக்கு நண்பர்கள் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். நாலு பேர் அறியச் சொன்ன வார்த்தையை அவன் மாற்றியதில்லை.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு ரெஜினால்டும் அவன் மனைவி பியூலாவும் வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஒருவர் வீட்டு ஒயினை மற்றவர் ருசி பார்ப்பது அவர்களுக்குள் வழக்கம்.

ரெஜினால்ட் ஒருமுறை கோவாவில் ஐந்து நாள் இருந்தவன். அதற்குப் பிறகு அவன் ஒயினைக் குடிப்பதில்லை. விளக்குகிறான்.

"ஊத்துன ஒடனே குடிக்கக் கூடாதுல. பத்து நிமிசம் மூச்சு விடட்டும்."

செத்தது எங்கே மூச்சு விடும்.

பத்து நிமிடம் நான்கு பேரும் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவன் டம்ளரைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டான். கண்ணை மூடினான்.

"மொதல்ல கிராம்பு. பொறவு நாவப்பழம். கடைசியா லேசா ஒரு பொகை வாசம் வருது பாரு, அதான் ஒயினு."

அடுத்த வீட்டில் சருகு எரித்துக்கொண்டிருந்தார்கள்.

பியூலா இரண்டு மிடறு குடித்துவிட்டுச் சபைக் காலண்டரால் விசிறிக்கொண்டாள். "யம்மா, காதெல்லாம் சுடுது. போன வருசத்தவிட ஏத்தம்லா!"

"நெறத்தப் பாத்தியளா?" என்றான் எபனேசர். "அதுக்கு ஒரு தந்திரம் இருக்கு. சொல்லமாட்டேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேக் வெட்டினாள்.

மூன்றாம் டம்ளரில் ரெஜினால்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். பியூலா காலண்டரில் இருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரித்தாள். எபனேசருக்கு நாக்கு குழறியது.

குழறுவதற்கு அந்த டம்ளரில் ஒன்றுமே இல்லை.

கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வந்தவர்கள் முன்னால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட அவளுக்குக் குரல் எழும்பாது. கேக் துண்டுகளை வரிசையாக அடுக்கினாள். கலைத்தாள். திரும்பவும் அடுக்கினாள்.

ரெஜினால்ட் வந்து தொப்பென்று உட்கார்ந்தான்.

"எலே எபி, மதினி திருவனந்தபுரம் போறாவளாமே?"

அவள் கை நின்றது.

இதற்காகத்தான் பத்தொன்பது நாள்.

எபனேசர் சிரித்தான். டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"போவா, போவா. பண்டிகை நேரத்துல வீட்டுல சண்ட வேண்டாம்னு சரின்னு சொல்லி வச்சிருக்கேன். புதுவருசம் பொறக்கட்டும். அந்தப் பேச்ச அப்படியே அமுக்கிருதேன். நாலு வார்த்த பேசத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி ஒண்ணுதான் கொறச்சல்."



பியூலா அவள் கையைப் பிடித்தாள். "மனசுல வைக்காத தங்கச்சி. அவரு நெதானத்துலயா இருக்காரு? உள்ள போனதுதான் பேசுது."

"ஆமா மதினி. நாளைக்குக் கேட்டா அவனுக்கே நெனவிருக்காது," என்றான் ரெஜினால்ட்.

எபனேசர் வேகமாகத் தலையாட்டினான். நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "நான் என்னத்தச் சொன்னேன்? தல சுத்துது. ஒண்ணும் வெளங்கல."

விரல்களுக்கு நடுவே அவன் கண்கள் தெளிவாக இருந்தன. அவளைப் பார்த்தன. விலகிக்கொண்டன.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

தொண்டையைச் செருமினாள். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்குப் புதிது.

"அந்த ஜாடியில ஆல்கஹாலே கெடையாது," என்றாள். "ரெண்டாம் நாளே நொதிக்கிறது நின்னு போச்சு. இவ்வளவு நேரமும் நீங்க குடிச்சது வெறும் திராட்சச் சாறு."