ஆள் கணக்கு

அன்று காலை அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: தண்ணீர் வாரிய இன்ஸ்பெக்டர், சாக்கடை மூடியைத் திறந்த தொழிலாளி, வீட்டுக்காரரான தையற்காரர். மனைவி இறந்து மூன்று வருடமாக அவர் ஒண்டிக்கட்டை. பில்லில் மட்டும் இரண்டு பேர் புழங்கிய தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஆபீசுக்கு நடையாய் நடந்து இன்ஸ்பெக்டரை வரவழைத்திருந்தார்.

வீட்டுக் குழாய்களையெல்லாம் இறுக மூடிவிட்டு மூவரும் தெருவில் குழியைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக் கழிவுக்குழாயிலிருந்து வெந்நீர் சோப்பு நுரையோடு வந்தது. நுரையில் நீளமான தலைமுடி ஒன்று சுருண்டிருந்தது.

“என்ன அண்ணே, தனி ஆளுன்னீங்க? உள்ள அண்ணி குளிக்கிறாங்க போலிருக்கே!” என்று தொழிலாளி சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: “உள்ள போய்ப் பாத்துடலாமா?”

“வேணாம் சார். ரெண்டு பேருன்னே எழுதிக்குங்க.”

தையற்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.