இரண்டு கப் சீஸ்

“ஏனுங்க, ரெண்டு கப்பு துருவுன சீஸுன்னு போட்டிருக்குது. கட்டி மேல நானூறு கிராமுன்னு இருக்குது. இதுல எவ்வளவுங்க துருவறது?”

சாரதாமணி செல்போனையும் சீஸ் கட்டியையும் கணவர் முன்னால் வைத்தாள்.

பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். அவரிடம் சரக்கு வாங்கும் பையர் மார்த்தா இத்தாலியிலிருந்து வந்திருக்கிறார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறார். போன தடவை அனுப்பிய டி-ஷர்ட் மெல்லிசு, சொன்ன எடை இல்லை என்று புகார். அடுத்த ஆர்டர் உண்டா இல்லையா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார். இல்லையென்றால் அருள்புரம் கம்பெனியில் நூறு தையல் மெஷின் சும்மா கிடக்கும். அவர் ஊர் பாஸ்தாவையே செய்து போட்டு மனசைக் குளிர வைத்துவிடலாம் என்பது மகுடேஸ்வரனின் திட்டம்.

சாரதாமணி சீஸைத் துருவிக் கப்பில் அளந்தாள். அமுக்கினால் ஒரு கணக்கு, அமுக்காவிட்டால் வேறு கணக்கு. கண்ணளவில் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

“கண்ணளவு ஆகாது சாரதா. எடைன்னா எடை.”

உடனே கம்பெனி லேபுக்குப் போன் போட்டு, தராசை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்படி அங்கே துணி சோதிக்கும் கீர்த்தனாவிடம் சொன்னார்.

“சார், அந்தத் தராசையாங்க?” கீர்த்தனா இழுத்தாள்.

“வேற எது இருக்குது? கொண்டா கண்ணு.”

கீர்த்தனா வேலையில் கறார். பனியன் துணியை எடை போடுமுன் ரோலைப் பிரித்துத் தளர விடுவதுதான் முறை, சீஸுக்கும் அதுவே என்றாள். துருவலைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி அரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஃபேன் காற்றில் கொஞ்சம் பறந்து மகுடேஸ்வரனின் மீசையில் ஒட்டியது. அதை வேஸ்டேஜ் என்று தனியாக எழுதிக்கொண்டாள்.

“ஒரு கப்பு அமுக்காம நூறு கிராமுங்க சார். அமுக்குனா நூத்தி நாப்பதுங்க. எதைப் பாஸ் பண்றதுங்க?”

சாரதாமணி சமையல் குறிப்பை மறுபடி படித்தாள். அமுக்கச் சொல்லவில்லை. ஆக, ரெண்டு கப்புக்கு இருநூறு கிராம். லேபின் வழக்கமான படிவத்திலேயே ரிப்போர்ட் தயாரானது. மகுடேஸ்வரன் கையெழுத்துப் போட்டு, கம்பெனி சீலும் குத்தினார். சீஸுக்கு எதற்குச் சீல் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

மார்த்தா தட்டை வழித்துச் சாப்பிட்டார். சீஸ் இவ்வளவு சரியான அளவில் எப்படி விழுந்தது என்று ஆச்சரியப்பட்டார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மகுடேஸ்வரன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். எங்கள் கம்பெனியில் எதையும் எடை போடாமல் விடுவதில்லை என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார்.

மார்த்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். இன்றைய தேதியைப் பார்த்தார். தராசு எண் மூன்று என்றிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே, தன் ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

புகாருக்குப் பதிலாக, மகுடேஸ்வரனே கையெழுத்துப் போட்டு நேற்று அனுப்பிய கடிதம் அது: ‘எங்களிடம் உள்ள ஒரே தராசான எண் மூன்று, ஆறு மாதமாகப் பழுதாகி இன்றுவரை ஓடவில்லை. ஆகவே தங்கள் துணியை எடை போட இயலாமல் போனதற்கு வருந்துகிறோம்.’