இருநூற்றேழாவது மனு

"கவுண்டர் ஜன்னலைச் சாத்திடாதீங்க மேடம், இன்னும் ஒரு ஆள் இருக்கு" என்று மரக்கடைக்காரர் பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தார்.

வரிப் பிரிவு கிளார்க் நிமிர்ந்து பார்த்தாள். கோழிப் பண்ணைக்காரி மூச்சு வாங்க உள்ளே வந்துகொண்டிருந்தாள். வாசலில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த ஆட்சேப மனுப் படிவங்களில் ஒன்று அவள் கையில் இருந்தது.

மணி ஐந்துக்கு ஏழு நிமிடம்.

கிராமம் நகரமாகி எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகுதான் ஓர் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்தன. அவற்றுக்காகத்தான் இந்த வீட்டு வரி. நோட்டீஸ் போனது நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு. பாதிக்கு மேல் ஆட்சேபம் வந்தால் வரி ரத்து. வண்டிகள் வந்த வழியே திரும்பிப் போகும். இன்று ஐந்து மணிக்குக் கெடு. இதுவரை வந்த மனுக்கள் சரியாக இருநூற்றாறு.

இன்னும் ஒன்று விழுந்தால் போதும்.

ஆம்புலன்ஸை ஓட்டுவது கிளார்க்கின் கணவன். ஆறு வருடம் எங்கோ தூரத்தில் லாரி ஓட்டி, மாதத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போனவன். "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று மகளே ஒருமுறை அவனைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். இப்போது அப்பா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அதே குழந்தை அடம் பிடிக்கிறது. வண்டி போனால் அவனும் போக வேண்டியதுதான். பழைய முதலாளிக்குப் போன் பண்ணட்டுமா என்று காலையில் பல் துலக்கியபடி விளையாட்டுப் போலக் கேட்டான்.

"வா தங்கச்சி, வா" என்று மரக்கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். இருநூற்றாறும் அவர் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தவை. மூன்று கட்டடம் வைத்திருப்பவருக்கு வரியும் மூன்று. "கால்வாய்க்கு அந்தாண்ட யாரு போய்க் கேக்குறதுன்னு உன்னை நான் கணக்குலயே சேர்க்கலை. நீயா வந்து நிக்கிற பாரு."

கோழிப் பண்ணைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், நகரம்னு போர்டு மாட்டிட்டா ஆச்சா, தெருநாய் இன்னும் கிராமத்துத் தூக்கம்தானே தூங்குது என்று ஆரம்பித்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கிளார்க் மனுவை வாங்கிப் பிரித்தாள். பெயர் இருந்தது, கோணலாக ஒரு கையெழுத்தும் இருந்தது. நோட்டீஸ் எண் எழுத வேண்டிய கட்டம் காலி.

"நோட்டீஸ் எங்கம்மா?"

"எங்க வீட்டுக்கு வரலைங்க. அதுக்குத்தான்..."

"குடுக்காம விட்டது உங்க ஆபீஸு" என்று மரக்கடைக்காரர் குறுக்கே புகுந்தார். "அதுக்கு இது என்ன பண்ணும்? முத்திரையைக் குத்துங்க மேடம், நேரமாகுது."

முத்திரைக்குப் போன கை பாதியில் நின்றது. நோட்டீஸ் எண் இல்லாத மனுவை வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவளே செருகி வைத்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது. கெடு முடிந்துவிடும். கணவன் இங்கேயே இருப்பான். பக்கத்து ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். ஆம்புலன்ஸின் முன்கண்ணாடியை அவன் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எதிரே நின்றவளின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. குறுக்கு வழியாக வர, கால்வாயில் இறங்கியே கடந்திருக்கிறாள்.

நோட்டீஸ் போய்ச் சேராதது ஆபீஸின் தப்பு. அதை இவள் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் சோறு இறங்குமா?

ஐந்துக்கு இரண்டு நிமிடம். கிளார்க் பதிவேட்டை இழுத்து, இருநூற்றேழு என்று எண் போட்டாள். மரக்கடைக்காரர் பெஞ்சுப் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

"காரணமும் எழுதலையேம்மா. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"வரி ஜாஸ்தின்னு போடுங்க. எல்லாருக்கும் அதான்" என்றார் அவர்.

"அவங்க சொல்லட்டும்." அன்று முதல்முறையாகக் கிளார்க்கின் குரல் உயர்ந்தது.

கோழிப் பண்ணைக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலிங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினா, நகர எல்லைக்கல்லு எங்க வேலிக்கு இந்தப் பக்கமே முடிஞ்சுபோச்சு, அதைத் தாண்டி வண்டி வராதுன்னுட்டாங்க. கோழி ஏத்துற வண்டியில, கூண்டுக்கு நடுவுலதான் போட்டுக் கொண்டுபோனேன். ஏதோ, பொழச்சுட்டாரு."

கிளார்க்கின் பேனா நின்றது. மரக்கடைக்காரர் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்கும் வரி போடுங்க மேடம்."